பெரம்பூர் இல்லை

நாளைக்கு சமூக உளவியல் மிட் டெர்ம். நூலகத்தில் இருந்த ஒரே புத்தகம் ராமசெல்வியிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஜெராக்ஸ் கடை இல்லை. அதனால் கார்குழலி ராயபுரத்துக்கு, ராமசெல்வியின் வீட்டுக்கே படிக்க வந்தாள். முதல் தேர்வில் கார்குழலி தவறியிருந்தாள். இதிலும் தவறினால் செமஸ்டர் எழுத விடமாட்டார்கள்.

கீழே ராமசெல்வியின் அப்பாவுடைய மிளகாய் மண்டி. மேலே வீடு. இருவரும் மாறி மாறித் தும்மினார்கள்.

"ப்ரெஜுடிஸ், டிஸ்கிரிமினேஷன். வித்தியாசம் சொல்லு," என்றாள் ராமசெல்வி.

"மொதல்ல சொன்னது நெனப்பு. ரெண்டாவது செய்றது."

"இப்படி எழுதினா மேடம் முட்டைதான் போடுவாங்க."

"போடட்டும். பொரிச்சி துன்னுக்கறேன்."

ராமசெல்வியின் அம்மா செல்லக்கனி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"பெரம்பூர்ல எந்தத் தெரும்மா? எங்க மைனி அங்கதான் இருக்கா."

கார்குழலிக்குப் புரியவில்லை. ராமசெல்வி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் அவள் காலை மிதித்தாள். அப்போது புரிந்தது.

"பெரம்பூர் இல்ல ஆன்ட்டி. வியாசர்பாடி."

"ஓ," என்றாள் செல்லக்கனி.

உடனே போகவில்லை. கட்டிலில் கிடந்த துணியை மடித்தாள். பீரோவைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினாள். அதுவரை பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்த சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு போனாள்.

கார்குழலி காப்பியைத் தள்ளி வைத்தாள்.

"பெரம்பூர்னு சொல்லி வச்சிருந்தேன். கெடுத்துட்டியே," என்றாள் ராமசெல்வி.

"இன்னாத்துக்குடி நான் பெரம்பூர் ஆவணும்?"

"வியாசர்பாடின்னா அம்மா ஒரு மாதிரி. உனக்காகத்தான் சொன்னேன்."

"எங்க தெரு கடைக்கு உங்க மண்டி மொளகாதான் வருது. அதுவும் பெரம்பூர்னு சொல்லிக்கினுதான் வருதா?"

"மெதுவா பேசு. காதுல விழும்."

"வுழட்டும்."

"அம்மா ஒண்ணும் உன்னைத் திருடின்னு சொல்லலையே."

"வாயால சொல்லல."

உள்ளேயிருந்து செல்லக்கனியின் குரல் வந்தது. "ஏட்டி, இருட்டிரப் போவுது. அந்தப் புள்ளய அனுப்பு."

ஜன்னலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ராமசெல்வி புத்தகத்தை மூடினாள். "நீ கிளம்பேன். காலையில காலேஜ்ல சொல்லித் தரேன்."

போய்விடலாம். செருப்பு வாசலில்தான் இருந்தது. போனால் இரண்டு அத்தியாயம் போய்விடும். கார்குழலி புத்தகத்தை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இன்னும் ரெண்டு சாப்டர் கீது ஆன்ட்டி," என்று உள்ளே கேட்கும்படி கத்தினாள். "முடிச்சிட்டுத்தான் போவேன்."

கொஞ்ச நேரத்தில் செல்லக்கனி ஒரு நாற்காலியை இழுத்துவந்து அறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் அரிசி முறம். அரிசியைப் பார்க்கவில்லை.

கார்குழலி வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு பக்கத்தையும் கிழிகிற மாதிரி திருப்பினாள்.