வடக்கு எல்லைக் கற்கள்

ராசிபுரத்துப் பாவடியில் முள் வெட்ட வந்த பத்தொன்பது பேரில் தறி இல்லாதவர் கஸ்பார் ஒருவர்தான். அதுவே தெய்வநாயகிக்கு உறுத்தியது.

பாவடி என்பது நெசவாளர்கள் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும் வெட்டவெளி. இரண்டு ஏக்கர், நடுவில் மூன்று வேப்பமரம். 1958இல் சேலத்து டாக்கீஸ்காரர் ஒருவர் அங்கே சினிமாக் கொட்டகை கட்ட இடம் கேட்டு வந்தார். ஊர் மிரண்டுபோய், ஐந்து பேரைக் கொண்டு டிரஸ்ட் அமைத்து, இடத்தை அதன் பெயரில் எழுதி வைத்தது. தலைவர் குமாரசாமி. அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து முள் வெட்டி இடத்தைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. தெய்வநாயகியின் வீடு பாவடிக்கு வடக்கே, எல்லையை ஒட்டி இருந்தது. கணவன் வெள்ளியங்கிரி இடுப்பு வலி என்று சொல்லிவிடுவதால் அவள்தான் அரிவாளோடு போவாள்.

கஸ்பார் சர்வே ஆபீசில் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். மனைவி இசபெல்லாவுக்கு மிஷன் பள்ளியில் டீச்சர் வேலை என்பதால் ராசிபுரத்துக்குக் குடிவந்தவர். மூன்று அமாவாசை ஒழுங்காக முள் வெட்டினார். நான்காவது முறை, மற்றவர்கள் மோர் குடிக்க உட்கார்ந்த நேரத்தில், அவர் மட்டும் ஒவ்வொரு எல்லைக்கல்லாக நடந்து, டேப் பிடித்து அளந்து, காகிதத்தில் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

தெய்வநாயகி நேராக அவரிடம் போனாள்.

"என்னங்க எழுதறீங்க?"

"சும்மா, பழைய பழக்கமுங்க" என்றார் கஸ்பார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

இடத்தைத் திருடத்தான் அளக்கிறார் என்று தெய்வநாயகி பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள். அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் பேச்சு. டாக்கீஸ்காரருக்கு இவர்தான் ஆள் என்றார்கள். சர்ச் கட்டப் பார்க்கிறார்கள் என்றும் சிலர் சொன்னார்கள். குமாரசாமி கஸ்பாரின் வீட்டுக்கே போய், "இனி நீங்க வர வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார். கஸ்பார் வாதாடவில்லை. மடித்த காகிதத்தை நீட்டி, "இதை அந்த அம்மாகிட்டக் கொடுங்க" என்றார்.

குமாரசாமி கொண்டுவந்து கொடுத்தபோது தெய்வநாயகி அலட்சியமாகத்தான் பிரித்தாள். பாவடியின் படம். பன்னிரண்டு கற்களும் புள்ளிகளாக இருந்தன. அவற்றில் இரண்டைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம். பக்கத்தில் 'நான்கு அடி பாவடிக்கு உள்ளே' என்று எழுதியிருந்தது. இரண்டும் வடக்குப் பக்கம். அவள் வீட்டுக்குப் பின்னால்.

காகிதத்தைச் சட்டென்று மடித்தாள். "என்னம்மா போட்டிருக்கு?" என்றார் குமாரசாமி.

"ஒண்ணும் புரியலீங்க."

அவர் போனதும் கொல்லைக்குப் போய் இரண்டு கற்களின் அடியையும் தடவிப் பார்த்தாள். மண் இறுகாமல் பொலபொலவென்றிருந்தது. நான்கடி வீட்டுப் பக்கம், அவரைப் பந்தலுக்கு அடியில், மூடிய குழியின் தடம் தெரிந்தது. அந்தப் பந்தலைப் போட்டது வெள்ளியங்கிரி.

இரவு அவன் சாப்பிட உட்கார்ந்ததும் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"இடுப்பு வலியோட கல்லை எப்படிங்க நகத்துனீங்க?"

வெள்ளியங்கிரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "குமாரசாமியை நம்பச் சொல்றியா? இன்னிக்கு டிரஸ்டும்பான், நாளைக்கு டாக்கீஸ்காரனுக்கு எழுதிக் கொடுப்பான். அப்ப நம்மளுக்கு நாலடியாச்சும் மிஞ்சட்டும்னுதான். இன்னொரு தறி போடலாமில்ல?"

"நான் அந்த மனுசனைத் திருடன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்."

"சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

இரண்டு நாள் தறியில் உட்கார்ந்தும் அவளுக்கு நாடா ஓடவில்லை. மூன்றாம் நாள் கஸ்பார் வீட்டுக்குப் போனாள். இசபெல்லா கதவைப் பாதி திறந்து, உள்ளே வரச் சொல்லாமல் நின்றாள். பின்னாலிருந்து கஸ்பார் வந்தார்.

"தெரிஞ்சும் ஏனுங்க அன்னிக்கே சொல்லலை?" என்று கேட்டாள்.

"உங்களுக்கும் இதுல பங்குன்னு நினைச்சேனுங்க. நீங்க வந்து அதட்டுனதும் அது உறுதியாயிட்டுது. காகிதத்தைக் கொடுத்தனுப்பினதே நீங்க என்ன செய்யறீங்கன்னு பார்க்கத்தான்."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்படத் தனக்கு யோக்கியதை இல்லை என்பதும் உறைத்தது.

அடுத்த அமாவாசையன்று வேப்பமரத்தடியில் எல்லார் முன்னாலும் காகிதத்தை விரித்தாள். "கல்லு நகர்ந்தது எங்க ஊட்டுக்குப் பின்னாலதானுங்க. நகத்துனது எங்க ஊட்டுக்காரர். சர்வேக்காரர் மேல நான் சொன்னது தப்பு."

நான்கு பேர் கடப்பாரையோடு போய்க் கற்களைப் பழைய குழியில் நட்டார்கள். அவரைப் பந்தல் சரிந்தது. வெள்ளியங்கிரி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. குமாரசாமியே போய்க் கஸ்பாரை அழைத்துவந்தார்.

தெய்வநாயகி அரிவாளை எடுத்துக்கொண்டு முள்ளுக்குப் போனாள். அவளுக்கு அடுத்து வெட்டிக்கொண்டிருந்த பொன்னாயி நிமிர்ந்து, "இத்தனை நாளு உனக்குத் தெரியாமலா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா."

பொன்னாயி தலையாட்டினாள். பிறகு தன் கூடையை எடுத்துக்கொண்டு, தெற்குப் பக்கம் போய் வெட்டத் தொடங்கினாள்.