பருத்திக் கூடாரத்தில் முதல் மழை

எங்கள் படையணியில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. வெளியே தெரிகிற எதுவும் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. இந்த இங்கிலாந்தில் நானூறு வருடத்துக்குக் கிட்ட முந்தி அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த சண்டையைக் கோடைகாலச் சனி ஞாயிறுகளில் சனங்களுக்கு நடித்துக் காட்டுகிறோம். "சவிரி அண்ணை, நீங்களும் வாங்கோ" என்று என்னை இதற்குள் இழுத்து விட்டவன் மேர்வின். லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் நான் பலகை தூக்குகிற யார்ட்டில் அவன் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். ஞாயிறுப் பூசைக்கும் எங்களுக்கு ஒரே மாதா கோவில்தான். சண்டையில் எனக்குத் தந்த வேலை தண்ணீர் சுமக்கிறது.

"கிழமையில அஞ்சு நாள் சுமக்கிறது காணாதெண்டு ஆறாம் நாளும் சுமக்கப் போறியளோ?" என்று கேட்டாள் என் மனைவி அருமைநாயகி.

யார்ட்டில் சுமந்தால் முதுகு நோகும். அங்கேயும் நோகும்தான், ஆனால் சனம் கைதட்டும்.

மூன்று கோடை மேர்வினின் கூடாரத்தில் அவனுடைய குறட்டையோடு படுத்தேன். இந்த வருடம் சொந்தக் கூடாரம் வாங்கினேன். அருமையையும் கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் காரணம். அவளோ, "கூடாரத்துக்குள்ள இனி இந்தக் கட்டை சரியாது" என்று சொல்லிவிட்டாள். அகதி முகாமில் மூன்று மாரி பிளாஸ்டிக் தறப்பாளுக்குக் கீழே கிடந்தவள். தறப்பாளில் ஓட்டை இல்லாவிட்டாலும் உள்ளே சொட்டும். நாங்கள் விட்ட மூச்சே மேலே போய்த் தண்ணீராகித் தலையில் விழும்.

"இது தறப்பாள் இல்லை, பருத்தி. ஒரு நாள் வந்து பார்" என்றேன்.

"வாறன். ஒரு சொட்டு விழுந்தாலும் மேர்வின் தம்பியின்ர வான் வண்டியில ரெயில் ஸ்ரேசனுக்குப் போயிடுவன். பிறகு ஆயுசுக்கும் என்னைக் கேக்கக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். என்ன வாங்கியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

கடையில் இரண்டு கூடாரம் காட்டினார்கள். ஒன்று இலேசானது, பார்வைக்குப் பருத்தி போலவே இருந்தது. துணியின் ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்து மறுபக்கம் வாயை வைத்து ஊதினேன். கையில் ஒன்றும் படவில்லை. மற்றதை ஊதியபோது கையில் மெல்லிய சூடு பட்டது. மூச்சு வெளியே போகிற துணிக்குள் ஆள் வியர்க்கமாட்டான். தூக்கிப் பார்த்தேன், ஒரு சீமெந்து மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அதையே எடுத்தேன்.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் அதை வீட்டுக்குப் பின்னால் நட்டு, குழாயால் நன்றாக நனைத்தேன். முதல் நாள் தையல் நெடுகத் தண்ணீர் வந்தது. அருமை குசினி யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்கின உடனேயே ஒழுகுது!"

"நூல் தண்ணி குடிக்க வேணும். குடிச்சு ஊதினால் ஊசி போன ஓட்டை தானாய் அடைபடும்."

"நல்லாய்க் குடிக்கட்டும்."

சவர்க்காரம் காட்டாமல், பூஞ்சணம் பிடிக்காமல், ஒவ்வொரு முறையும் முழுதாகக் காய வைத்துத்தான் மடித்தேன். மூன்றாம் சனிக்கிழமை உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை.

படையணியின் முகாம் நாள் வந்தது. லண்டன் ஓரத்தில் ஒரு புல்வெளி. அருமை நீளப் பாவாடையும் வெள்ளைத் தலைத்துணியுமாக, கைபேசியைக் கம்பளிக்குக் கீழே ஒளித்துவிட்டு, கூடாரத்துக்குள் மரப்பெட்டியின் மேல் இருந்தாள். மூன்று மணிக்கு மழை பிடித்தது. நனைந்தால் சணல் கயிறு சுருங்கும். தளர்த்தாவிட்டால் முளையைப் பிடுங்கும், அல்லது துணியைக் கிழிக்கும். நான் வெளியே ஓடி ஒவ்வொரு கயிறாகத் தளர்த்தினேன்.

அப்போதுதான் கண்டேன். கூரையில் உள்ளே இருந்து ஒரு முட்டு எழும்பியது. தாழ்ந்தது. வேறு இடத்தில் எழும்பியது. கயிறு தளர்ந்து கூரை கொஞ்சம் தொய்ய, அருமை கூட்டுகிற தும்புத்தடியால் கீழே இருந்து குத்துகிறாள்! அகதி முகாமில் எல்லோரும் செய்ததுதான். தறப்பாள் வயிறு வைத்தால் குத்தித் தண்ணீரை வெளியே தள்ளுவோம். நனைந்த பருத்தியை உள்ளே இருந்து தொட்டால் தொட்ட இடத்தால் தண்ணீர் இறங்கும். அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். இதை மட்டும் சொல்லவில்லை.

"தொடாத! தொடாத!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன். அவள் மடியில் ஏற்கெனவே இரண்டு சொட்டு. மடியைத் தட்டிவிட்டாள். பிறகு பையை எடுத்தாள்.

"ஒரு நிமிசம் நில்" என்றேன். சொட்டுகிற இடத்தில் விரலை வைத்தேன். விரலை எடுக்காமல் சரிவு நெடுகக் கீழே இழுத்து, சுவரோரம் வரை கொண்டுபோனேன். தண்ணீர் விரலின் பின்னால் வந்தது. கோடு பிடித்து ஓரத்தால் வடிந்து புல்லுக்குள் போனது. மேலே சொட்டு நின்றுவிட்டது.

அருமை பையைக் கீழே வைத்தாள். பெட்டியில் ஏறி நின்று, தான் குத்திய மற்ற மூன்று இடத்தையும் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாக விரலால் இழுத்துவிட்டாள். இறங்கி இருந்து மேலே பார்த்தாள். மழை இன்னும் உரத்துப் பெய்தது. கம்பளியைத் தடவினாள்.

"உள்ளுக்கு வியர்க்கேல்லைத்தான்" என்றாள்.

ஐந்து மணிக்கு மேர்வின் வாசலில் வந்து நின்றான். "அக்கா, வான் ரெடி. சொட்டு விழுந்ததாமே? சவிரி அண்ணை தோத்துப்போனாராமே?"

"ஆர் சொன்னது?"

"அவர் கத்தினது அரசன்ர முகாம் மட்டும் கேட்டது."

"அது நான் குத்தி விழுந்தது, தம்பி. கூடாரம் தானாய் ஒழுகேல்லை. நீர் உம்மட வானைக் கொண்டுபோம், நான் நாளைக்கு வாறன்."

மேர்வின் சிரித்துக்கொண்டு குனிந்து உள்ளே வரப் பார்த்தான். அவனுடைய உயரமான தொப்பி கூரைக்குக் கிட்டப் போனது.

"தொப்பி! தொப்பியைக் கழட்டும்!" அருமை எழும்பிவிட்டாள். "கூடாரச் சீலையில முட்டாதேயும். ஒழுகும்!"