விழுந்த இடம்

"சார், எங்கப்பா உங்க வீட்டு மொட்டை மாடியில இருந்துதான் விழுந்தாருன்னு எழுதிக் குடுங்க."

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஜெயவேலு மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "அய்யா பெரிய மனசு பண்ணி எதுனா செய்வாரு. நீ வாயக் குடுத்து பேஜார் பண்ணிடாத." சேலையூர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் ஓவியா அதைத்தான் கேட்டாள்.

கூடுதல் டி.ஜி.பி. ராஜகோபாலன் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார். மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. அதற்கான சிறப்பு மலரைப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். அட்டையில் தொப்பியோடு சிரித்த படம், கீழே 'கறை படியாத முப்பத்து நான்கு ஆண்டுகள்'.

"உட்காரும்மா. பி.காம் முடிச்சிட்டல்ல?"

"எங்க வீட்ல டிகிரி முடிச்ச முதல் ஆளு சார். நிக்கறேன், பரவால்ல."

மலரில் ஏறாத கதை அவளுக்குத் தெரியும். இவர் எஸ்.பி.யாக இருந்தபோது ஜெயவேலு இவர் பிள்ளைகளின் யூனிஃபார்மைத் துவைத்தார். டி.ஐ.ஜி. ஆனதும் வீட்டுக்கு நாய் வந்தது, அதைக் குளிப்பாட்டினார். ஐ.ஜி. ஆனதும் மேடத்துக்கு மூட்டுவலி வந்தது, காய்கறிப் பையைச் சுமந்தார். பரீட்சை எழுதி, ஓட்டம் ஓடி, கயிறு ஏறிப் போலீசில் சேர்ந்த மனிதர் பத்தொன்பது வருஷமாகத் துப்பாக்கியைத் தொடவில்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் தினமும் ஆயுதப்படை மைதானத்தில் நின்றார்.

போன செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறியவர் ஏணியோடு சரிந்தார். இடுப்பெலும்பு போயிற்று. பணியில் அடிபட்டார் என்று எழுத்தில் இருந்தால் சம்பளமும் வைத்தியமும் நிற்காது, எழுந்த பிறகு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும். இல்லையென்றால் லீவு தீர்ந்ததும் வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

ராஜகோபாலன் ஒரு தாளை நகர்த்தினார். செவ்வாய்க்கிழமை தேதியிட்ட விடுப்பு விண்ணப்பம். 'என் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டபடியால்...'

"அப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஃப்ரெண்டோட கம்பெனி இருக்கு. அக்கவுண்ட்ஸ்ல உனக்கு வேலை சொல்றேன்."

"அன்னிக்கு அவரு மைதானத்துல ஆஜர்னு இருக்குமே சார்?"

"அதை மாத்திடலாம்."

பேனா மை மாற்றுவதுபோலச் சொன்னார்.

"அதை மாத்த முடியும். நடந்ததை எழுத முடியாதா?"

"புரிஞ்சுக்கோம்மா. வீட்டு வேலைக்குக் காவலர் யாரையும் வெச்சுக்கலைன்னு போன வருஷம் எல்லா ஆபீசரும் எழுதிக் கொடுத்திருக்கோம். நானும் சைன் பண்ணியிருக்கேன். இப்ப என் வீட்ல விழுந்தான்னு நானே எழுதினா, முப்பத்து நாலு வருஷ கரியர் என்னாகும்?"

"சைன் பண்ணீங்களே, அப்ப காபி கொண்டாந்து வெச்சது யாரு சார்?"

உள்ளிருந்து மேடம் வந்துவிட்டார். "என்ன பேச்சு இது! உங்கப்பாவை என் கூடப் பிறந்த அண்ணன் மாதிரி பாத்துக்கிட்டேன்."

"உங்க அண்ணனை ஒரு நாளாவது தொட்டி கழுவ ஏத்துனீங்களா மேடம்?"

மேடத்தின் முகம் சிவந்தது. ஓவியா விடவில்லை. "ஆம்புலன்ஸுக்கு நீங்கதான் போன் பண்ணீங்க. கதவு நம்பரோட அட்ரஸ் சொல்லி, அக்கம்பக்கம் பாக்கக் கூடாதுன்னு பின்கேட்டுக்கு வரச் சொன்னீங்க. எந்த வீட்லேர்ந்து ஏத்துனாங்கன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுல அப்படியே இருக்கு."

ராஜகோபாலன் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"அட்ரஸை ஏன் கொடுத்தே? ஆட்டோல ஏத்தி விட்டிருக்கலாமே."

இடுப்பொடிந்து கத்திக்கொண்டிருந்த ஆளை ஆட்டோவில். இதற்கு மேல் இந்த மனிதரிடம் கேட்க என்ன இருக்கிறது? ஓவியா விண்ணப்பத்தை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அது இங்க இருக்கட்டும். குடுத்துட்டுப் போ."

"நீங்க ரெடி பண்ண லெட்டர்தானே சார், இதையும் சேத்துக் குடுக்கறேன். மனித உரிமை ஆணையத்துக்கு மனு டைப் பண்ணியாச்சு. அப்பா கையெழுத்து போடலைன்னா என் கையெழுத்துல போவும்."

"உங்கப்பாவுக்கு இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருக்கு. யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே அவர் யாருக்கோ அவசரமாகப் போன் போடுவது கேட்டது. போடட்டும். தாம்பரத்தில் பதினோரு மணி மின்வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று அவள் விறுவிறுவென்று நடந்தாள்.