தவக்காலத்தில் விட்ட மருந்து

அம்மாவுக்கு நல்லெண்ணம் வந்தால் வீட்டில் யாராவது படுக்க வேண்டியதுதான். 2006ஆம் வருடம் விபூதிப் புதனன்று, பூசை முடிந்து வந்த கையோடு, அன்று தொடங்கும் நாற்பது நாள் தவக்காலத்துக்கு யார் எதை விடுவது என்று பேச்செடுத்திருக்கிறார். தான் தேநீரை விட்டார். என் தம்பி மார்க்கஸிடம், "நீ அந்த மருந்தை விடு மோனை" என்றிருக்கிறார்.

அந்த மருந்து மெத்தடோன். ஹெரோயின் பக்கம் போகாமல் அவனைப் பிடித்து வைத்திருந்தது அதுதான். நகர நடுவில், குறொன்லாண்ட் மருந்துக்கடையில் தினமும் கடை ஆள் பார்க்க அங்கேயே குடிக்க வேண்டும். இரண்டு வருடமாக ஒழுங்காகக் குடித்து, வேலைக்கும் போய் வந்துகொண்டிருந்தான். அம்மாவுக்கோ அதுவும் ஒரு போதை.

வெள்ளிக்கிழமை நான் எல்லிங்ஸ்ருட்டில் அம்மா வீட்டுக்குப் போனபோது, மார்க்கஸ் வியர்த்து நடுங்கியபடி சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தான். காய்ச்சலாக்கும் என்று அம்மா கொத்தமல்லி அவித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக மருந்தில்லை என்று தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கென்ன விசரோ? அவ சொன்னால் விடுறதோ?"

"பத்து வருசமா அம்மா என்னை நம்பி ஒண்டும் கேட்டதில்லை அக்கா. இப்பதான் முதல் தரம் கேட்டவ."

"இப்ப எங்கை வெளிக்கிடுறாய்? மருந்துக்கடைக்கோ?"

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. "இல்லை. பழைய ஆக்களிட்டை."

மருந்தை விட்ட உடம்பில் தெருத்தூள் ஏறினால் ஆள் தப்பாமலும் போகலாம். அதை அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னேன். கொஞ்சம் கொடூரமாகத்தான் சொன்னேன். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு மேலங்கியை எடுத்தார்.

மூவருமாக மருந்துக்கடைக்குப் போனோம். இரண்டு நாள் தவறியதால், கடைப் பெண் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டுத்தான் மருந்தை ஊற்றினாள். யாராவது கண்டுவிடுவார்கள் என்று அம்மா அதுவரை அந்த வாசலை மிதித்ததே இல்லை. அவர் பயந்தது போலவே, வரிசையில் எங்கள் தேவாலயப் பாடகர் குழு யோகராணி அன்ரி நின்றார்.

"மார்க்கஸ் பேர்கனிலை படிக்கிறான் எண்டெல்லோ அக்கா சொன்னனீங்கள்?"

"பொய் சொன்னனான்," என்றார் அம்மா, கடை முழுக்கக் கேட்க. "இவனுக்குத் தூள் பழக்கம் இருந்தது. இந்த மருந்தாலைதான் என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான். அதையும் நான்தான் நிப்பாட்டப் பாத்தனான்."

மார்க்கஸ் குடித்தான். விழுங்கிவிட்டது தெரிய, குடித்தவர் ஏதாவது ஒரு சொல் பேசிக்காட்ட வேண்டும். அந்தக் கடையில் அது கட்டாயம். அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் காத்து நின்றாள்.