சின்னக்கண்ணை அடைத்துவிடு

சின்னக்கண்ணு கடுதாசியை மூன்றாம் தடவையும் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

கையெழுத்து அவன் தாய்மாமனுடையதுதான். விழுப்புரத்தில் பெயின்ட் மேஸ்திரி அப்பாதுரையைப்போல், வார்த்தைக்கு வார்த்தை இடம் விடாமல் ஒரே ஓட்டமாக எழுதுகிறவர் வேறு யாரும் கிடையாது.

‘கோதண்டபாணிக்கு. நான் அவசரமாக வர்ணம் வாங்கப் புதுச்சேரி போகிறேன், நாளைக்குத்தான் வருவேன். சின்னக்கண்ணை இன்றே அடைத்துவிடு. ஒரு நாள் காயப்போடு. உப்புத்தாள் வைத்து நன்றாகத் தேய். பிறகு இரண்டு கை அடி. பெரியகண்ணை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.’

பெரியகண்ணு அவனுடைய அண்ணன்.

அடைக்கலாம், பட்டினி போடலாம், அடிக்கலாம். நடுவில் உப்பு எதற்கு? திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை எடை போடுகிறவனுக்கு அது மட்டும் பிடிபடவில்லை.

மாமாவுக்குக் கோபம் இருக்கத்தான் செய்யும். மகள் கிருஷ்ணவேணியை இவனுக்கென்றே வைத்திருந்தார். இவனோ இரண்டு தடவை தள்ளிப்போட்டான். முதலில் மல்லாட்டை சீசன் என்றான்; அப்புறம் வயிற்றுவலி என்றான். இரண்டும் பொய். கல்யாணம் என்றாலே உதறல், அவ்வளவுதான். ‘இன்றைக்கு வந்து முடிவு சொல். இல்லாவிட்டால் முண்டியம்பாக்கத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன்’ என்று மாமா சொல்லி அனுப்பியதால்தான் காலை ரயிலில் வந்து, அவர் வேலை செய்யும் வக்கீல் வீட்டைத் தேடிப் பிடித்தான். ஜன்னலில் பிரஷ் டப்பாவுக்கு அடியில் கிடந்தது இந்தக் கடுதாசி.

முடிவு கேட்கவா கூப்பிட்டார்? முடித்துவிடவா?

கொல்லைப்பக்கமிருந்து கோதண்டபாணி வந்தான். மாமாவின் கையாள். முழங்கை வரை செக்கச்செவேலென்று காவி. கையில் தகட்டுக் கத்தி.

“வந்துட்டியா? உள்ள போய்க் குந்து. மக்குக்காகத்தான் காத்துக்கினு இருக்கேன்.”

“மக்கா? யாரு, நானா?”

“கிருஷ்ணவேணி எடுத்தாருது. வந்ததும் கண்ணைப் புடிச்சி ஒரே அமுக்கு. ஜல்தியா முடிச்சிடலாம்.”

கிருஷ்ணவேணியுமா இதில் கூட்டு! சின்னக்கண்ணு பக்கத்து அறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டான். முதுகை அதில் அழுத்திக்கொண்டான்.

“டேய், அது ஈரம்டா!”

“அண்ணே, ஆவணியிலயே கட்டிக்கிறேன். மாமாகிட்ட சொல்லிடு. என்னை அடைச்சி வைக்காதே.”

“நானா அடைச்சேன்? தாப்பாளு உன் பக்கம்தான இருக்குது.”

அது சரியாகத்தான் பட்டது. ஆனால் எதற்காக இவ்வளவு நிதானமாகப் பேசுகிறான்?

வெளியே கொலுசுச் சத்தம். கிருஷ்ணவேணிதான், ஒரு கையில் கூழ்த் தூக்கு, மறு கையில் வாழை இலையில் சுற்றிய ஏதோ உருண்டை. அவன் நழுவவிட்ட கடுதாசியைக் குனிந்து எடுத்ததைக் கழுத்தை மட்டும் திருப்பிக் கதவிடுக்கில் பார்த்தான்.

“மாமா,” என்றாள் அவனை, “அந்த ஜன்னலோரம் சாத்தி வச்சிருக்கிற புதுக் கதவைப் பாத்தியா? பலகையில முடிச்சு முடிச்சா இருக்குதே, அதுக்குப் பேரு கண்ணு. சின்னக் கண்ணை மக்கு வச்சி அடைப்பாங்க. இதோ, சுண்ணாம்புத் தூளும் எண்ணெயும் போட்டு நான் பிசைஞ்ச மக்கு.”

“உப்புத்தாளு?”

“மணலு ஒட்டின காகிதம். வழவழன்னு தேய்க்கறதுக்கு.”

“ரெண்டு கை அடின்னு...”

“ரெண்டு தடவை பெயின்ட் அடிக்கறது.”

“பெரியகண்ணு?”

“கீழ்ப் பலகையில ரூபா அகலத்துக்கு ஒண்ணு இருக்குது. அதுக்கு ஆசாரி வரணும். உங்க அண்ணன் வரவேணாம்.”

கோதண்டபாணி இருமினான். சிரிப்பை அப்படித்தான் மறைப்பான்போல.

“அப்ப என்னை ஒண்ணும் பண்ணமாட்டீங்களா?”

“மாட்டோம். ஆவணின்னு நீ கத்தினது தெருவரைக்கும் கேட்டுச்சி, அது பயத்துல சொன்னது. பயம்தான் போச்சில்ல, வெளிய வந்து இப்ப என்ன சொல்றன்னு சொல்லு.”

தாழை நீக்கி முன்னால் நகர்ந்தான். சட்டை சர்ரென்று கதவிலிருந்து பிய்ந்தது. முதுகெல்லாம் நீலம், கதவிலோ அவன் முதுகின் அச்சு. வயிற்றைத் தடவிப் பார்த்தான். உதறலைக் காணோம். ஆனால் ஆவணி மட்டும் வாயிலேயே நின்றது. ஏன் நிற்கிறது என்று அவனுக்கே விளங்கவில்லை.

“இப்பவும் ஆவணிதான்” என்றான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. கெட்டுப்போன கதவைப் பார்த்தாள்.

“முதல் கை அடிச்சிட்ட. ஒரு நாள் காயட்டும். நாளைக்கு அப்பா எதிர்ல இதையே சொல்லி ரெண்டாவது கை அடி. அப்பவும் உரியாம நின்னா, முண்டியம்பாக்கத்துக்கு வேணாம்னு ஆள் அனுப்பலாம்.”

மக்கு உருண்டையை வைத்துவிட்டுக் கூழ் ஊற்றப் போய்விட்டாள்.

“அண்ணே, இது சம்மதமா, இல்லையா?”

“காஞ்சாத்தான் தெரியும்” என்றான் கோதண்டபாணி. “முதல்ல அந்தக் கதவைத் தொடை.”

ஸ்டேஷன் பக்கம் திண்டிவனம் வண்டி ஊதியது. சின்னக்கண்ணு நகரவில்லை. ஜன்னலிலிருந்த உப்புத்தாளை எடுத்தான். யாரும் பார்க்காத சமயமாக நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான்.

உப்புக் கரிக்கவில்லை.