எந்தக் கேசட்டை அனுப்புவது?

அலர்மேல்மங்கை சொன்னது உண்மையா, பொறாமையா? திருப்பதியிலிருந்து நகரிக்குப் பஸ் ஏறிய தேன்மொழிக்கு வழி நெடுக இதே குடைச்சல்.

சென்னையில் ஒரு சங்கீத சபா போட்டி வைத்திருந்தது. சுருதிப் பெட்டியோடு ஒரு பாட்டைக் கேசட்டில் பாடி அனுப்ப வேண்டும். தேறினால் ஒரு வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க உதவித்தொகை. வயது இருபத்து நான்கைத் தாண்டக்கூடாது. தேன்மொழிக்கு அடுத்த மாதம் இருபத்தைந்து. சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டும் வேலையை விட்டு வெளியேற இதுதான் கடைசி வழி. நாளை சனிக்கிழமை தபாலில் சேர்த்தாக வேண்டும்.

திருப்பதியில் பக்திப் பாடல் கேசட் போடும் வேதாச்சலம், "கணீர்னு இருக்குதும்மா, பரிசு உனக்குத்தான்" என்று காலையில் பதிவு செய்து கொடுத்தார். கூடப் பாட்டு கற்றவள் என்று அலர்மேல்மங்கையிடம் போட்டுக் காட்டினாள். அவளும் அதே போட்டிக்கு அனுப்பியிருந்தாள்.

"நீ பாடல தேனு, யாரையோ கூப்புடுற" என்றாள் அவள். "ஒரு வரி முடியறதுக்குள்ள அடுத்ததுக்கு ஓடற."

நகரி வீட்டில் நைனா துலுக்காணம் தறியை விட்டு நகரவில்லை. நான்கு விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. அந்தக் கொட்டகையில்தான் தேன்மொழி பத்து வயதிலிருந்து சாதகம் செய்தாள்; வேறு அறை கிடையாது. அலர்மேல்மங்கை சொன்னதைச் சொல்லி, பேட்டரி டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டாள். தறியோடு பாட்டு அப்படிப் பொருந்தியது!

"சோக்கா கீதும்மா!" என்று நைனா கத்தினார். "அந்தப் பொண்ணு வயித்தெரிச்சல்ல சொல்லிக்கினு கீது!"

அப்போது கரண்ட் போனது. தறிகள் நின்றன. டேப் ரெக்கார்டர் மட்டும் பாடியது.

தேன்மொழிக்கு முகம் சுட்டது. கேசட்டில் யாரோ ஒருத்தி ஆற்றுக்கு அந்தக் கரையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல், மூச்சு வாங்க ஓடிக்கொண்டே கத்தினாள்.

நைனா தலையைச் சொறிந்தார். "பேட்டரி வீக்கா கீதா? கரண்டு வரட்டும், சரியாப் பூடும்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருப்பதிக்கு ஓடினாள். வேதாச்சலத்திடம் கெஞ்சி, தறிச்சத்தத்தை மனதிலிருந்து விலக்கி, கத்தாமல் ஓடாமல் மறுபடி பாடினாள். அந்த அமைதியான அறையில் தாளம் எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. மூன்றாம் தடவையில்தான் பாட்டு முடிந்தது.

"இன்னாம்மா, குரலுக்கு ஜுரமா? நேத்து இருந்த கணீர் எங்க?" என்றார் அவர்.

போச்சுடா! நேற்றுப் பாடியது சரியா, இன்றைக்குப் பாடியது சரியா? இரண்டையும் தூக்கிக்கொண்டு அலர்மேல்மங்கை வீட்டுக்கே போனாள்.

அவள் இரண்டையும் கேட்டாள். "ரெண்டாவத அனுப்பு. சரணத்துல ரெண்டு எடத்துல சுருதி எறங்குது, அதையும் சொல்லிட்றேன்."

"தப்பு இருக்கறத எதுக்குடீ அனுப்பச் சொல்ற?"

"மொத கேசட்டுல நீ எங்க தப்பு பண்றேன்னே கேக்கல. அவ்ளோ சத்தம்."

தேன்மொழி அவள் முகத்தையே பார்த்தாள். "என்னுது நல்லாயிருந்தா உனக்கு நஷ்டம்தானே?"

"நஷ்டம்தான். அதான் நேத்து சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு டீ குடிச்சேன்."

தபாலாபீஸ் மூட அரைமணிதான் இருந்தது. கவுண்டரில் நின்றபோதும் தேன்மொழியின் கை முதல் கேசட்டுக்குத்தான் போனது. வேதாச்சலமும் நைனாவும் மெச்சியது அது. எடுத்தாள், வைத்தாள், இரண்டாவதைக் கவருக்குள் தள்ளி ஒட்டினாள். குமாஸ்தா முத்திரை குத்தி உள்ளே வீசிவிட்டார். செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

வெளியே காத்திருந்த அலர்மேல்மங்கையை மரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"சுருதி எறங்குதுன்னியே, எந்த எடம்? பாடிக் காட்டு."