ஒன்பதாம் வார்டின் அறுநூற்று நாற்பது பேர்

தன் வார்டில் தனக்குத் தெரியாத ஆளே கிடையாது என்றுதான் மைதிலி நினைத்திருந்தாள். திருச்செங்கோட்டை ஒட்டிய கரட்டூர் பேரூராட்சியில் ஒன்பதாம் வார்டு கவுன்சிலர் அவள். மூன்றே தெரு. மாவு மில்லையும் ஓட்டிக்கொண்டு, மூன்று தெருவுக்கும் சிமெண்ட் ரோடு, தெருவிளக்கு, குழாய் என்று எல்லாம் கொண்டுவந்துவிட்டாள். அவள் ஜெயித்ததே மொத்தம் நூற்றுப் பதினொரு ஓட்டு வாங்கித்தான்.

வார்டுகளைப் புதிதாகப் பிரிக்கும் வரைவுப் பட்டியலை அலுவலகத்தில் ஒட்டிய அன்று, ஒன்பதாம் வார்டுக்கு நேரே 951 பேர் என்றிருந்தது. மைதிலி கிளார்க் தீபிகாவிடம் போனாள்.

"கைக்கொழந்தையச் சேர்த்தாலும் எங்க தெருவுல முந்நூத்திப் பதினொரு பேருதான். மீதி ஆரு தீபிகா?"

"ஜெயிலும் உங்க வார்டுதானுங்க அக்கா. ஜனத்தொகைக் கணக்கெடுக்கறப்ப உள்ள இருந்தவங்க அறுநூத்தி நாப்பது பேரு. ஓமலூரு, பள்ளிபாளையம்னு எங்கெங்கயோ இருந்து வந்தவங்க."

"அவங்களுக்கு ஓட்டு?"

"உள்ள இருக்கறவங்க போட முடியாதுங்களே."

மைதிலிக்கு ஏழாம் வார்டு தறிக்காலனி ஞாபகம் வந்தது. அங்கேயும் கிட்டத்தட்ட அதே தொள்ளாயிரத்து ஐம்பதுதான். ஆனால் அத்தனை பேரும் அங்கேயே குடியிருப்பவர்கள். அந்த வார்டு கவுன்சிலர் சென்னியப்பன் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்று அவள் பார்த்ததில்லை. எந்நேரமும் வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள்.

மறுநாள் காலை நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனாள். "எங்க வார்டு ஆளுங்க அறுநூத்தி நாப்பது பேரு உள்ள இருக்காங்க. என்ன குறைனு கேக்கோணுங்க."

ஜெயில் அதிகாரி சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டார். "தண்ணி, லைட்டு, சாப்பாடு எல்லாம் அரசாங்கமே பாத்துக்குதும்மா. கவுன்சிலர் செய்ய இங்க ஒண்ணுமில்ல."

"அதையே எழுதிக் குடுங்க சார்."

அவர் நிஜமாகவே எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்.

இந்தப் பிரிப்பை எதிர்த்து ஆட்சேபணை சொல்லப்போகிறேன் என்றதும், போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஆந்திராவில் இருந்த கணவன் மயில்சாமி போனில் கத்தினான். "ஏம்புள்ள, நோகாம கெடைக்கற சீட்ட நீயே கெடுத்துக்குவியா?"

"எங்க தெருவுல ஒருத்தரு, தறிக்காலனியில மூணு பேருக்குச் சமம்னா அது நாயமுங்களா?"

மயில்சாமி குரலைத் தணித்தான். "செரி, போய்ச் சொல்லு. பயந்துக்காத."

நாமக்கல்லில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவள் முறை வந்தது. "எந்த வார்டு மேல ஆட்சேபணை?" என்றார் அதிகாரி.

"என்ற வார்டு மேலதானுங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மைதிலியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஜெயில் அதிகாரி கொடுத்த கடிதத்தை மேஜையில் வைத்து, ஓட்டுப் போட முடியாத, தன்னால் எதுவும் செய்யவும் முடியாத அறுநூற்று நாற்பது பேரைத் தன் தெருக்காரர்களின் பலமாக எண்ணுவது எப்படிச் சரியாகும் என்று கேட்டாள். அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பின்வரிசையிலிருந்து சென்னியப்பன் எழுந்து, "அந்தம்மா சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க" என்றார்.

இரண்டு மாதம் கழித்து இறுதிப் பட்டியல் வந்தது. ஜெயிலில் இருப்பவர்களைக் கழித்துவிட்டு வார்டுகளைப் பிரித்திருந்தார்கள். தறிக்காலனியின் நான்கு தெருக்கள் மைதிலியின் வார்டில் சேர்ந்தன. காலனிக்காகப் பேச இனி இரண்டு கவுன்சிலர்கள்.

ஆனால் தேர்தல் லேசில் முடியவில்லை. எதிரே மூன்று பேர் நின்றார்கள். மயில்சாமி லீவு போட்டு வந்து ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு தானே பேசினான்; இரண்டாம் நாளே தொண்டை கட்டிக்கொண்டது. மைதிலி ஏழு தெருவையும் நடந்தே சுற்றினாள். தறிச் சத்தத்தில் அவள் பேச்சு கேட்காமல், பெண்கள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து பேசச் சொன்னார்கள்.

பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் தலைகூட வாரியிருக்கவில்லை. வாசலில் இருபது பேர் நின்றார்கள். முடியை அள்ளி முடிந்துகொண்டு, நோட்டும் பேனாவுமாகப் படியில் உட்கார்ந்தாள். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க சாமி" என்றாள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.